கடுகை விதையைப் பார்த்தே இனம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைக்குக் கடுகு எடுத்துப் பிரித்து விற்பவர்கள், ஊறுகாய் போடுபவர்கள், அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைப்பவர்கள், நாட்டு மருந்துக் கடையில் வெண்கடுகு கேட்பவர்கள் ஆகியோருக்கு அடிக்கடி எழும் சந்தேகங்கள் இவை. ஆய்வகம் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

கடுகு என்ற பெயரில் எத்தனை செடிகளின் விதை விற்கப்படுகிறது?

நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் பிராசிகா ஜன்சியா. வடக்கே இதை 'ராய்' என்பார்கள். ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில் ஏராளமாக விளைந்து தெற்கே வருவது இதுதான். இது போக, உண்மையான கருங்கடுகான பிராசிகா நைக்ரா (சந்தையில் 'பனாரசி ராய்'), வெளிநாட்டு மஞ்சள் கடுகான சைனாபிஸ் ஆல்பா, சர்சோன், தோரியா என்று சொல்லப்படும் பிராசிகா ராபா வகைகள், பஞ்சாப், இமாசலப் பக்கம் பயிராகும் 'கோபி சர்சோன்' எனும் பிராசிகா நேபஸ் ஆகியவையும் உண்டு.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இந்திய உணவுத் தர விதிகளின்படி 'முழுக் கடுகு' என்பது இவற்றில் பலவற்றுள் ஏதேனும் ஒன்றின் அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் விதையாக இருக்கலாம். ஆகவே ஒரு சாக்கில் இரண்டு இனம் இருப்பது மட்டுமே கலப்படம் ஆகாது. விதைக்கு வாங்குபவருக்கு அது சிக்கல்தான், தாளிப்பவருக்கு அல்ல.

பார்ப்பதற்கு என்னென்ன வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் (நகைக் கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது போதும்), வெள்ளைப் பீங்கான் தட்டு, மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல், ஒரு குண்டூசி, ஒரு டார்ச். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு இருந்தால் இன்னும் நல்லது.

டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். தட்டோடு தட்டாகப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். மேலிருந்து வரும் ஒளியில் கடுகின் தோல் வழவழப்பாகத்தான் தெரியும். பக்கவாட்டு ஒளியில்தான் மேடுபள்ளங்களின் நிழல் விழுந்து வலைப்பின்னல் எழும்பும். லென்ஸ் வாங்கியும் ஒன்றும் தெரியவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஒளியைத் தவறாகப் பிடித்திருப்பார்கள்.

நிறத்தைப் பார்த்தாலே தெரியாதா?

தெரியாது. நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

கருமையும் பழுப்பும் விதைத்தோலில் சேரும் துவர்ப்புப் பொருள்களால் வருகின்றன. காய் முழுதாக முற்றும் முன் அறுத்தால் அதே செடியின் விதை செம்பழுப்பாக இருக்கும். முற்றி, காய்ந்து, நாள்பட்டால் கருக்கும். ஒரே வயல் கடுகை ஒரு பிடி அள்ளினாலே நாலு சாயல் தெரியும். மறுபக்கம், ஜன்சியாவிலும் மஞ்சள் விதை தரும் வகைகள் இருக்கின்றன, ராபாவிலும் இருக்கின்றன. இவற்றின் தோலில் நிறப்பொருள் சேராததால், உள்ளே இருக்கும் மஞ்சள் பருப்பு கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல் தெரிகிறது. 'மஞ்சளாக இருக்கிறது, ஆகவே இது வேறு இனம்' என்று முடிவுக்கு வருவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் பிழை.

அப்படியானால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் தோல், அடுத்து அளவும் எடையும், பிறகு விதையின் உள்பகுதி, கடைசியாக நீர் பட்டால் வரும் நெடியும் வழவழப்பும்.

தோலைப் பொறுத்தவரை நைக்ராவில்தான் வலைப்பின்னல் மிகத் தெளிவு. தேன்கூட்டை உருண்டையாகச் சுருட்டியதுபோல் குழிகளும் வரப்புகளும் இருக்கும். விதையும் முழு உருண்டையாக இல்லாமல் லேசாக நீண்டிருக்கும். ஜன்சியாவிலும் வலை தெளிவாகத் தெரியும், ஆனால் வரப்புகள் அவ்வளவு உயரமில்லை. ராபாவிலும் நேபஸிலும் வலை மங்கலாக இருக்கும். ஆல்பாவில் ஊசிமுனைக் குத்துகள் போன்ற நுண்குழிகள் மட்டும்தான். வெறும் கண்ணுக்கு அது வழவழப்பான முத்து.

ஜன்சியா ஏன் நடுவாந்திரமாக நிற்கிறது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. நைக்ராவும் ராபாவும் இயற்கையில் கலந்து உண்டானதுதான் ஜன்சியா. நைக்ராவில் 16 குரோமோசோம்கள், ராபாவில் 20, ஜன்சியாவில் இரண்டும் சேர்ந்து 36. இந்த உறவை 1935இல் நாகஹாரு யு என்ற அறிவியலாளர் விளக்கினார். தாவரவியலில் இன்றும் அதற்கு 'யு முக்கோணம்' என்றே பெயர். தாய் தகப்பன் இருவரின் சாயலும் விதைத்தோலில் இருக்கும்போது, ஒரே ஒரு விதையைப் பார்த்து அடித்துச் சொல்ல முடியாமல் போவதில் வியப்பில்லை. குறைந்தது இருபது விதைகளைப் பாருங்கள்.

அளவையும் எடையையும் எப்படி எடுப்பது?

ஒற்றை விதையை அளவுகோலில் வைத்து அளந்தால் பிழைதான் மிஞ்சும். ஒரு காகிதத்தை ஆங்கில 'V' வடிவப் பள்ளமாக மடித்து, அதில் இருபது விதைகளை இடைவெளியின்றி வரிசையாக அடுக்குங்கள். மொத்த நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்து இருபதால் வகுங்கள்.

நைக்ரா 1 முதல் 1.5 மி.மீ., ஜன்சியா 1.5 முதல் 2 மி.மீ., ஆல்பா 2 முதல் 3 மி.மீ. இருபது விதையின் வரிசை 25 மி.மீ. வந்தால் நைக்ராவாக இருக்க வாய்ப்பு அதிகம். 35 மி.மீ. என்றால் ஜன்சியா. 50 மி.மீ. என்றால் ஆல்பா, அல்லது பெரிய ரக சர்சோன்.

எடைக்கு நூறு விதைகளை எண்ணி நிறுத்துப் பத்தால் பெருக்குங்கள். ஆயிரம் விதையின் எடை கிடைக்கும். நைக்ராவில் ஏறத்தாழ 1 முதல் 2 கிராம், சாதாரண ஜன்சியாவில் 2 முதல் 3 கிராம், ஆல்பாவில் 5 முதல் 8 கிராம். பூசா போல்டு போன்ற பெருவிதை ரகங்கள் ஜன்சியாவாக இருந்தும் 3 கிராமைத் தாண்டும். எண்ணும்போது சூம்பிய விதையை ஒதுக்காதீர்கள், பெரியதைத் தேடிப் பொறுக்காதீர்கள். கண்ணை மூடி அள்ளியதில் வரிசையாக நூறு எண்ணுங்கள். இப்படி நான்கு முறை செய்து சராசரி எடுத்தால் நம்பலாம்.

சிறுகடுகு, பெருங்கடுகு என்கிறார்களே, அவை இரண்டு இனங்களா?

கடைப் பேச்சில் அவை இரண்டு அளவுகள், அவ்வளவுதான். நம் ஊர்க் கடைகளில் இரண்டு பெயரிலும் விற்பது பெரும்பாலும் ஜன்சியாவே. சிறுவிதை ரகமும், பெருவிதை ரகத்தைச் சலித்து எடுத்த பொடி விதையும் இரண்டுமே 'சிறுகடுகு' ஆகிவிடுகின்றன.

உண்மையான சிறுவிதை ரகம் என்றால் விதைகள் சிறியதாக இருந்தாலும் குண்டாக, இறுக்கமாக இருக்கும். சலித்து ஒதுக்கிய கழிவு என்றால் சுருங்கியதும் செம்பழுப்பானதும் ஒருபக்கம் ஒட்டியதும் நிறையக் கிடக்கும். சிறுகடுகுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும். நைக்ரா என்று சொல்லி விற்றால் வலைப்பின்னலையும் நூறு விதையின் எடையையும் சோதித்த பிறகு நம்புங்கள்.

கடுகில் பிரம்மதண்டு விதை கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்திலேயே உயிர் தொடர்பான கேள்வி இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

பிரம்மதண்டு, குடியோட்டிப்பூண்டு என்று சொல்லப்படும் ஆர்ஜிமோன் மெக்சிகானா, அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து நம் சாலையோரம் எங்கும் பரவிய முள்செடி. மஞ்சள் பூ, கிள்ளினால் மஞ்சள் பால். வடக்கே கடுகு முற்றும் காலத்தை ஒட்டியே இதன் காயும் வெடிக்கிறது. விதை 1.5 முதல் 2 மி.மீ. வரை இருக்கும், அதாவது அச்சு அசல் கடுகின் அளவு. சல்லடை இதைப் பிரிக்காது, ஏனெனில் சல்லடைக்குத் தெரிவது அளவு மட்டும்தான். இதன் எண்ணெயில் உள்ள சாங்குயினரின் என்ற நஞ்சு கால் வீக்கம், மூச்சுத் திணறல், இதயச் செயலிழப்பு வரை கொண்டுபோகும். 1998இல் டெல்லியில் இது கலந்த கடுகெண்ணெயால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சட்டப்படி கடுகில் இந்த விதை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

லென்ஸில் பார்த்தால் கடுகின் வலை நுண்மையானது, தூரத்தில் வைத்தால் மறைந்துவிடும். பிரம்மதண்டின் வலை பெருங்கண் வலை. குழிகள் வரிசை வரிசையாக, சொரசொரப்பாக, லென்ஸ் இல்லாமலே ஓரளவு தெரியும். நிறம் மங்கிய கரும்பழுப்பு, பளபளப்பே இருக்காது. முக்கியமாக, ஒரு பக்கத்தில் சிறு மூக்குபோல் நீட்டிக்கொண்டு ஒரு முனை இருக்கும். கடுகுக்கு அந்த மூக்கு கிடையாது.

சந்தேக விதையை வெள்ளைத் தட்டில் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்குங்கள். கடுகின் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டின் உள்ளே வெள்ளை. இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையமும் வீட்டுச் சோதனையாக இதையே சொல்கிறது.

அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால், விதையை நாலைந்து மணி நேரம் நீரில் ஊற வைத்து, குண்டூசியால் தோலை உரியுங்கள். கடுகில் இரண்டு பருப்பிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து, முளைவேரை அணைத்தபடி இருக்கும். பிரம்மதண்டில் மடிப்பே இல்லை. எண்ணெய்ப் பசையுள்ள வெள்ளைச் சதைக்குள் மிகச் சிறிய கரு மட்டும் புதைந்திருக்கும். இந்த வேறுபாடு நிறம் போல ஏமாற்றாது, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள்.

எவ்வளவு கடுகை இப்படிப் பார்க்க வேண்டும்? ஒரு கரண்டி போதாதா?

இனத்தை அறிய ஒரு தேக்கரண்டி போதும். ஒரு தேக்கரண்டியில் சுமார் மூன்றரை கிராம், ஆயிரத்துக்கும் மேல் விதைகள் வரும். பன்னாட்டு விதைச் சோதனை முறையில் தூய்மை பார்க்க ஏறத்தாழ 2,500 விதைகள் கொண்ட மாதிரியை எடுப்பது வழக்கம்.

பிரம்மதண்டைத் தேடும்போது அது போதாது. நூறு கிராம் கடுகில் ஏறத்தாழ நாற்பதாயிரம் விதைகள் இருக்கும். அதில் பத்து நச்சு விதைகள் ஒளிந்திருந்தால் ஒரு தேக்கரண்டியில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். நூறு கிராமையும் ஒவ்வொரு கரண்டியாகத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பாருங்கள். சாக்கு என்றால் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். வண்டியில் குலுங்கி வரும்போது சிறியதும் கனமானதும் கீழே இறங்கிவிடும், மேல்வாய்க் கடுகு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

ஒன்றிரண்டு கிடைத்தால் பொறுக்கிவிட்டுப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பார்த்ததில் ஒன்று இருந்தால் பார்க்காததில் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள். எண்ணெய் ஆட்டக் கொண்டுபோகும் கடுகு என்றால் இதில் சமரசமே கூடாது.

நாட்டு மருந்துக் கடை வெண்கடுகு எந்தச் செடியின் விதை?

'வெண்கடுகு' என்று வெளிர் மஞ்சளான எந்தக் கடுகையும் கொடுக்கிறார்கள். அது ஆல்பாவாகவோ மஞ்சள் சர்சோனாகவோ மஞ்சள் ஜன்சியாவாகவோ இருக்கலாம். சங்கப் பாடல்களில் வரும் 'ஐயவி'க்கு வெண்சிறுகடுகு என்று உரை சொல்வார்கள். பெயரிலேயே 'சிறு' இருப்பதைக் கவனித்தால், இன்றைய பெரிய மஞ்சள் ஆல்பாவை ஐயவி என்று சொல்லி விற்பது பொருந்தவில்லை.

மூன்றையும் பிரிக்க, தோலை முதலில் பாருங்கள். சிறியதாக, வலை தெரிந்தால் ஜன்சியா. வழவழப்பாகப் பெரியதாக இருந்தால் ஆல்பா அல்லது சர்சோன். அடுத்து ஒரு தேக்கரண்டி விதையைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு மூன்று தேக்கரண்டி நீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். ஆல்பா என்றால் நீர் கொழகொழத்து விதைகள் கட்டியாக நகரும். அதன் தோலில் பசை அவ்வளவு அதிகம். பிறகு நாலு விதையை முன்பல்லால் கடித்து மெல்லுங்கள். ஆல்பா நாக்கைத்தான் சுடும், மூக்கில் ஏறாது.

நாய்க்கடுகு என்பது கடுகா?

இல்லை. அது மஞ்சள் பூப் பூக்கும் நாய்வேளைச் செடியின் விதை, கிளியோம் விஸ்கோசா. தூபப் பொடிக்கு வெண்கடுகோடு சேர்த்து விற்கப்படுவதால் குழப்பம் வருகிறது. லென்ஸில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். உருண்டையல்ல, தட்டையாக, நத்தை ஓடுபோல் சுருண்டு, ஒரு பக்கம் பிளவுபட்டிருக்கும். மேலே குறுக்குச் சுருக்கங்கள்.

கடுகை நுணுக்கிப் பார்த்தேன், நெடியே வரவில்லை. போலியா?

பெரும்பாலும் இல்லை, சோதித்த முறைதான் தவறு. காய்ந்த கடுகுக்கு நெடி கிடையாது. விதைக்குள் காரத்தின் மூலப்பொருளும், அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. நசுங்கி, நீரும் சேர்ந்தால்தான் இரண்டும் கலந்து நெடி பிறக்கும்.

அரைத் தேக்கரண்டி கடுகை அம்மியிலோ உரலிலோ நுணுக்கி, இரண்டு தேக்கரண்டி குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீர் விட்டுக் குழைத்து, மூடி பத்து நிமிடம் வையுங்கள். திறந்து முகரும்போது ஜன்சியாவும் நைக்ராவும் மூக்கைத் தாக்கிக் கண்ணில் நீர் வரவைக்கும். சர்சோனில் நெடி சற்று மட்டு. ஆல்பாவில் மூக்குக்கு ஏறக்குறைய ஒன்றும் வராது.

கொதிநீர் ஊற்றினால் நொதி செத்துவிடும், எந்தக் கடுகும் மணக்காது. வறுத்த கடுகும் அப்படியே. முறையாகச் செய்தும் ஜன்சியாவில் நெடி வரவில்லையென்றால் விதை மிகப் பழையது, அல்லது சூடுபட்டது. அப்படிப்பட்டதை விதைப்புக்கு எடுக்காதீர்கள்.

சாயம் ஏற்றிய, எண்ணெய் தடவிய கடுகை அறிவது எப்படி?

ஈரமான வெள்ளைத் துணியில் ஒரு பிடி கடுகை அரை நிமிடம் தேயுங்கள். தூசியின் மங்கல் பழுப்பு வருவது இயல்பு. கருமை தெளிவாக ஒட்டினாலோ, தேய்த்த பின் விதை வெளிறினாலோ சாயம். மெருகு எண்ணெய்க்கு, நசுங்காத விதைகளை மெல்லிய தாளுக்குள் வைத்து லேசாக உருட்டிப் பாருங்கள். தாளில் எண்ணெய்க் கறை படிந்தால் மெருகு போட்டது. அழுத்தி உருட்டாதீர்கள், அழுத்தினால் விதையின் சொந்த எண்ணெயே கறை போட்டுவிடும்.

வேறு என்னென்ன விதை கடுகுபோல் ஏமாற்றும்?

கீரை விதை கருப்பாகப் பளபளக்கும், ஆனால் இருபுறமும் தட்டையான வில்லைபோல் விளிம்போடு இருக்கும். கேழ்வரகை நசுக்கினால் வெள்ளை மாவாகும், கடுகு எண்ணெய்ப் பசையாக நசுங்கும். முறத்தைச் சாய்த்துத் தட்டினால் கடுகு உருண்டோடும், தட்டை விதைகள் தங்கிவிடும். பிரம்மதண்டை மட்டும் இதில் நம்பிப் பிரிக்க முடியாது.

தோல் நீக்கிய உடைத்த கடுகிலும் பொடியிலும் எதைப் பார்ப்பது?

தோல் போனால் வலைப்பின்னலும் போய்விடும். ஊறுகாய்க்கு வரும் உடைத்த கடுகில் நீர் விட்டு நெடி பார்ப்பதுதான் கைவசம் உள்ள வழி. பொடியில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, சிறிது பொடியை நீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒரு துளி டிங்சர் அயோடின் விடுங்கள். முற்றிய கடுகில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம், ஆகவே நீலம் வந்தால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. மஞ்சள்தூள் சேர்த்த பொடியிலும் நீலம் வரும் என்பதால் உறையில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இத்தனையும் பார்த்தும் இனம் பிடிபடவில்லையென்றால்?

விதைத்துவிடுங்கள். தொட்டியில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் நல்ல கடுகு நாலைந்து நாளில் முளைத்து, நுனி பிளந்த இதய வடிவ வித்திலை காட்டும். பிரம்மதண்டு உறக்கம் கலைந்து தாமதமாக முளைக்கும், அதன் வித்திலை புல்போல் ஒடுக்கமானது.

பூக்கும்வரை விட்டால் மேல் இலைகளைப் பாருங்கள். தண்டைக் கட்டிப்பிடித்தால் ராபா அல்லது நேபஸ். காம்போடு விலகி நின்றால் ஜன்சியா அல்லது நைக்ரா. காய் வந்ததும் மிச்சமும் தீர்ந்துவிடும். நைக்ராவின் காய்கள் குட்டையாகத் தண்டோடு ஒட்டி நிமிர்ந்திருக்கும். ஜன்சியாவின் காய்கள் 3 முதல் 5 செ.மீ. நீளத்தில் விலகி நிற்கும். ஆல்பாவின் காயில் மயிர் அடர்ந்து, நுனி வாள்போல் தட்டையாக நீண்டிருக்கும்.